ஜார்ஜியா டெக்: ட்ரிப்பிள் ஆப்ஷனை விட்டது தவறா, விட்ட விதம் தவறா?

பீச்ட்ரீவாசி (இழையைத் தொடங்கியவர்)

அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, பந்தை எறியாமல் பெரும்பாலும் சுமந்தே ஓடும் ட்ரிப்பிள் ஆப்ஷன் ஆட்டத்தைக் கைவிட்ட பிறகு அதற்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டே விடைகள்தாம் வருகின்றன. அந்த ஆட்டத்தை விட்டதே தவறு என்கிறார்கள் சிலர். வந்த பயிற்சியாளர் சரியில்லை என்கிறார்கள் மற்றவர்கள். ஆப்ஷனை விடுவது நியாயமான முடிவுதான் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நிர்வாகமும் கணக்கிடவில்லை, பயிற்சியாளரும் கணக்கிடவில்லை, ரசிகர்களாகிய நாமும் கணக்கிடவில்லை.

பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை பதினோரு சீசன்கள் அணியை நடத்தினார். அவற்றில் ஒன்பது சீசன்களில் அணி, சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் பௌல் ஆட்டத்துக்குப் போனது. அவருடைய கடைசி ஆண்டிலும்கூடப் பந்தைச் சுமந்து ஓடி எடுத்த யார்டுகளில் நாட்டிலேயே முதலிடம் ஜார்ஜியா டெக்குக்குத்தான். அவர் விலகியதும் டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப் காலின்ஸ் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தார். வீரர்களை அகலமாகப் பரப்பி நிறுத்திப் பந்தை எறியும், எல்லாரும் ஆடும் ஸ்ப்ரெட் ஆட்டத்தை நாமும் ஆடுவோம், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போகும் வீரர்களை அட்லாண்டாவுக்குள்ளேயே பிடிப்போம் என்றார். 2019இல் 3-9 (மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி), 2020இல் 3-7, 2021இல் மறுபடியும் 3-9. 2022இல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோற்றதும், செப்டம்பர் இறுதியில் அவரும் விளையாட்டுத்துறை இயக்குநரும் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். மொத்தக் கணக்கு 10 வெற்றி, 28 தோல்வி.

இந்தக் கதை முழுவதையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் 2019 செப்டம்பர் 14 அன்று ஜார்ஜியா டெக்கின் சொந்த மைதானமான பாபி டாட்டில் நடந்ததைப் பார்க்கலாம். ஒரு நிலை கீழான எஃப்.சி.எஸ். பிரிவிலிருந்து, அதுவரை ஒரு வெற்றிகூடப் பெறாமல், தென் கரோலினாவின் தி சிட்டடல் என்ற இராணுவக் கல்லூரி அணி வந்தது. அது கூடுதல் நேரத்தில் 27-24 என்று ஜார்ஜியா டெக்கை வீழ்த்திவிட்டுப் போனது. நாற்பது நிமிடங்களுக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. அவர்கள் ஆடியது ட்ரிப்பிள் ஆப்ஷன். அதை ஒன்பது மாதங்களுக்கு முன்புவரை ஆடியும், பயிற்சியில் அன்றாடம் எதிர்கொண்டும் பழகிய வீரர்கள்தாம் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள்.

வடம்பிடிப்பவன்

கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்து, இங்கே படிக்க வந்த பிறகு இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவன் என்பதால் கேட்கிறேன். வீரர்கள் அதே வீரர்கள். வயது பத்தொன்பது, இருபது. நாள் முழுதும் பயிற்சி செய்கிறார்கள். ஆட்டத்திட்டம் மாறினால் ஒரு கோடைக்காலத்தில் புதியதைக் கற்றுக்கொள்ள முடியாதா? ஓடுவதும் பந்தை எறிவதும் எல்லா அணிக்கும் பொதுவானவைதாமே?

பி-பேக் ரசிகன்

நல்ல கேள்வி. பெரும்பாலோர் பந்து வைத்திருக்கும் ஆளைப் பார்த்தே பேசுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியவர்கள் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து லைன்மேன்கள்.

முதலில் ஆப்ஷன் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜான்சனின் ஃப்ளெக்ஸ்போன் அமைப்பில், பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் நேர் பின்னால், பந்தைச் சுமந்து ஓடும் பி-பேக் நிற்பார். முன்வரிசையின் இரு முனைகளுக்கும் சற்று வெளியே ஆளுக்கொரு ஏ-பேக் நிற்பார்கள். பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் அதைப் பி-பேக்கின் வயிற்றில் வைத்தபடியே, வேண்டுமென்றே தடுக்காமல் விடப்பட்ட எதிரணி வீரர் ஒருவரைப் பார்ப்பார். அந்த வீரர் பி-பேக்கை நோக்கி உள்ளே பாய்ந்தால் பந்து வெளியே இழுக்கப்படும். வெளியிலேயே நின்றால் பி-பேக்கிடம் விடப்படும். பந்து வெளியே வந்த பிறகு தடுக்காமல் விடப்பட்ட இரண்டாவது ஆள் ஒருவர் இருப்பார். அவர் குவார்ட்டர்பேக்கின் மேல் வந்தால் பக்கவாட்டில் ஓடிவரும் ஏ-பேக்குக்குப் பந்து வீசப்படும். வராவிட்டால் குவார்ட்டர்பேக்கே ஓடுவார். இத்தனையும் இரண்டு விநாடிகளுக்குள் முடிய வேண்டும். எதிரணியின் இரண்டு பேரைத் தடுக்காமலேயே ஆட்டத்திலிருந்து கழித்துவிடுவதால், நம் தடுப்பாளர்களில் இருவர் மிச்சமாகிறார்கள். குறைந்த எடையும் குறைந்த புகழும் உள்ள லைன்மேன்களை வைத்துக்கொண்டு ஜான்சன் ஜெயித்த கணக்கு இதுதான்.

இப்போது லைன்மேனின் உடலைப் பாருங்கள். ஆப்ஷனில் அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, குதிகால் தூக்கி, அந்தக் கையைத் தட்டிவிட்டால் முகங்குப்புற விழும் அளவுக்குப் பாரத்தை முன்னால் வைத்திருப்பார். அவருடைய வேலை முன்னால் பாய்வது; பாய்ந்து எதிராளியின் தொடைக்குக் கீழே விழுந்து அவரைச் சாய்ப்பது. இதைக் கட் பிளாக் என்கிறோம். பந்தை எறியும் ஆட்டத்தில் வேலை நேர் எதிரானது. இரு கால்களில் நிமிர்ந்து, முழங்காலை மடக்கி, பாரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், பக்கவாட்டில் பின்வாங்கிக்கொண்டே, பாய்ந்து வரும் 260 பவுண்டு ஆளை மூன்று விநாடி கைகளால் தள்ளி நிறுத்த வேண்டும். முன்னதற்கு 280 பவுண்டில் வேகமானவர் போதும். பின்னதற்கு நீண்ட கைகளும் 300 பவுண்டுக்கு மேற்பட்ட எடையும் வேண்டும். எடையை ஒரு கோடையில் ஏற்றலாம்; கையின் நீளத்தை ஏற்ற முடியாது.

இன்னொன்று, முன்வரிசையின் முனையில் நின்று தடுக்கவும் பாஸைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் என்ற இடமே ஜான்சனின் ஆட்டத்தில் இல்லை. ஆகவே 2019இல் டைலர் டேவிஸ் என்பவரைக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜார்ஜியா டெக்கில் டைட் எண்டாக நின்ற ஒரே சீசனுக்குப் பிறகு என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் அவர் தேர்வானார் என்பது வேறு கதை.

நான்காவது டவுன்

ஆப்ஷனின் அழகை நானும் அறிவேன். ஆனால் இந்த இழையும் வழக்கம்போல் ஜான்சனின் நினைவஞ்சலியாக மாறிக்கொண்டிருக்கிறது. 2014இல் ஆரஞ்சு பௌலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34 என்று வென்று 11-3 என்று முடித்த அணியை எல்லாரும் நினைவுகூர்கிறார்கள். அடுத்த ஆண்டே அதே பயிற்சியாளர், அதே குவார்ட்டர்பேக், அதே ஆட்டம், முடிவு 3-9. 2017இல் 5-6. அவருடைய கடைசி ஆட்டத்தில் மினசோட்டாவிடம் 34-10 என்று தோல்வி. பதினோரு ஆண்டுகளில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை மூன்று முறைதான் வென்றிருக்கிறார்.

விதிகளும் அவருக்கு எதிராகவே திரும்பிக்கொண்டிருந்தன. 2018இல், ஆட்டம் தொடங்கும்போது பந்து இருக்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் இடுப்புக்குக் கீழே தடுப்பது தடைசெய்யப்பட்டது. 2022இல் முன்வரிசையின் நடுப்பகுதிக்கு வெளியே அது முற்றாகவே ஒழிந்தது. ஜான்சன் இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்திருந்தால், தன் ஏ-பேக்குகளின் பாதி வேலையை விதிப்புத்தகமே பறித்துக்கொள்வதைப் பார்த்திருப்பார். என்றைக்கிருந்தாலும் மாறத்தான் வேண்டியிருந்தது. காலின்ஸ் மாற்றியதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்றிய பிறகு மூன்றாம் ஆண்டிலும் முன்னேறாமல் நின்றதற்காகத்தான் குறை சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் நோட்ர டேமிடம் 55-0, ஜார்ஜியாவிடம் 45-0. அந்த வீரர்களில் பெரும்பாலோர் அவரே சேர்த்தவர்கள். ஆப்ஷன் லைன்மேன்கள் என்ற சாக்கு அப்போது எங்கே போனது?

ஸ்டேட்ஸ்பரோக்காரர்

ஜார்ஜியா மாநிலத்திலேயே இதே சோதனை வேறோர் இடத்தில் இரண்டு முறை நடந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு அட்லாண்டாவை மட்டும் வைத்து வாதிடுவது குறைபாடான வாதம். எங்கள் ஜார்ஜியா சதர்ன் ஆப்ஷனின் தாய்வீடு. பால் ஜான்சன் 1999இலும் 2000இலும் எங்களுக்காகத் தேசியப் பட்டம் வென்றவர். அதன் பிறகுதான் கடற்படைக் கல்லூரியான நேவிக்கும் அங்கிருந்து ஜார்ஜியா டெக்குக்கும் போனார். 2013இல் எங்கள் அணி ஃப்ளோரிடாவின் சொந்த மைதானத்துக்குப் போய் 26-20 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் எங்கள் அணி எறிந்த மூன்று பாஸ்களில் ஒன்றுகூடக் கைசேரவில்லை. எடுத்த 429 யார்டும் ஓடியே எடுத்தவை.

2015இல் 9-4 என்று முடித்த அணியை 2016இல் டைசன் சம்மர்ஸ் பொறுப்பேற்று, ஆப்ஷனிலிருந்து பாதி விலகிய ஒரு ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு 5-7, அடுத்த ஆண்டு முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி, அக்டோபரிலேயே நீக்கம். பழைய ஆட்டத்துக்குத் திரும்பிய சாட் லன்ஸ்ஃபர்ட் 2018இல் 10-3 என்று முடித்தார். இங்கே நிறுத்திக்கொண்டால் ஆப்ஷன் ரசிகர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் 2022இல் கிளே ஹெல்டன் வந்தார். ஆப்ஷனை அடியோடு தூக்கி எறிந்தார். பஃபலோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆடி முடித்த கைல் வான்ட்ரீஸ் என்ற குவார்ட்டர்பேக்கை கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக அழைத்து வந்தார். மாற்றிய முதல் ஆண்டின் இரண்டாவது ஆட்டத்திலேயே நெப்ராஸ்காவுக்குப் போய் 45-42 என்று ஜெயித்தோம். வான்ட்ரீஸ் மட்டுமே 400 யார்டுக்கு மேல் எறிந்தார். மறுநாளே நெப்ராஸ்கா தன் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட்டை வீட்டுக்கு அனுப்பியது. சீசன் 6-7 என்றுதான் முடிந்தது; அதிலும் கடைசி பௌல் ஆட்டத்தில் வான்ட்ரீஸின் பழைய கல்லூரியான பஃபலோவிடமே தோற்றோம் என்பதைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தாலும் முந்தைய ஆண்டின் மூன்று வெற்றிகளோடு ஒப்பிட்டால் அது சரிவே அல்ல.

ஒரே கல்லூரி, ஒரே வகை மாற்றம்; 2016இல் கவிழ்ந்தது, 2022இல் நின்றது. இடையில் மாறியது என்ன என்பதே கேள்வி.

பீச்ட்ரீவாசி

நண்பர் ஸ்டேட்ஸ்பரோக்காரர் வைத்த சான்று என் வாதத்தை நான் நினைத்ததைவிடத் தெளிவாக்குகிறது. இடையில் மாறியது வீரர் சேர்க்கையின் விதிகள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில்தான் திறந்தது. கல்லூரி மாறிய வீரர் ஓராண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்ற பொது அனுமதி 2021இல்தான் வந்தது. ஓராண்டில் 25 புதிய வீரர்களுக்கு மேல் ஸ்காலர்ஷிப் தரக்கூடாது என்ற வரம்பு 2022இல்தான் தளர்ந்தது. ஆக 2019இல் காலின்ஸ் மொத்தம் 85 ஸ்காலர்ஷிப் வீரர்களை மாற்றியமைக்க வேண்டுமென்றால், ஆண்டுக்கு 25 பேராக, பெரும்பாலும் பதினெட்டு வயதுச் சிறுவர்களாகச் சேர்த்து, அவர்கள் உடம்பு தேறும்வரை காத்திருக்க வேண்டும். லைன்மேன் ஒருவர் தேற மூன்று ஆண்டுகள். ஹெல்டனோ மூன்றே மாதங்களில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பழுத்த ஆட்டக்காரர்களைச் சந்தையில் எடுத்துக்கொண்டார்.

நண்பர் நான்காவது டவுன் கேட்ட கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. அதே போர்ட்டல் காலின்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டும் போனது. ஜார்ஜியாவின் டால்டன் ஊரிலிருந்து அவர் சேர்த்த ஜாமிர் கிப்ஸ், 2021க்குப் பிறகு அலபாமாவுக்குப் போய், பின்னர் டிராஃப்டில் டெட்ராய்ட் அணியின் முதல் சுற்றுத் தேர்வானார். வீரர்களை வளர்த்தெடுக்கும் காலத்தில் சேர்க்கத் தொடங்கி, வாங்கும் காலத்தில் இழந்தார். மறுபாதி விடைக்கு நண்பர் சொல்வதே சரி. 2021இல் அந்த அணி ஆடிய விதத்துக்குச் சாக்கு எதுவும் இல்லை.

ஆனால் என் முக்கியமான சந்தேகம் வேறு. இதே ஜார்ஜியா டெக் 2008இல் நேர் எதிரான மாற்றத்தைச் செய்தது. சான் கெய்லியின் கீழ் என்.எஃப்.எல். பாணியில் ஆடிய அணியை ஜான்சன் ஒரே வசந்தத்தில் ஆப்ஷனுக்கு மாற்றினார். முதல் ஆண்டே 9-4. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் ஊருக்கே போய் அதை 45-42 என்று வென்றார்கள். மாற்றம் என்பதே கடினமானது என்றால் இது எப்படி நடந்தது?

என் விடை இது. ஆப்ஷனுக்குள் நுழையும் அணி தனித்தன்மையைப் பெறுகிறது. ஆப்ஷனிலிருந்து வெளியேறும் அணி அதை இழக்கிறது. ஆப்ஷன் ஆடும் அணியைச் சந்திக்கும் எதிரணிக்கு ஆயத்தமாக வாரத்தில் மூன்று நாள் பயிற்சிதான் கிடைக்கும். அவர்களிடம் அதை நடித்துக் காட்டக்கூடிய குவார்ட்டர்பேக்கும் இருக்க மாட்டார். ஜான்சனின் முதல் இரண்டு பௌல் ஆட்டங்களைக் கவனியுங்கள். ஒரு மாத அவகாசம் கிடைத்த எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 38-3 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஆரஞ்சு பௌலில் அயோவா 24-14 என்று வென்றது. அந்த மூன்று நாள் நெருக்கடி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜார்ஜியா டெக்குக்கு ஓசியில் கிடைத்த முன்னிலை. ஸ்ப்ரெட்டுக்கு மாறிய நாளில் அது போய்விட்டது. அதன் பிறகு எல்லாரும் ஆடும் ஆட்டத்தை, எல்லாரையும்விடச் சுமாரான வீரர்களோடு, கிளெம்சனுக்கும் ஜார்ஜியாவுக்கும் எதிரே நின்று ஆட வேண்டியிருந்தது. 2020இல் கிளெம்சன் 73-7 என்று அடித்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

நான்காவது டவுன்

2008ஐப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். கெய்லி விட்டுச் சென்ற வீரர்கள் யார்? பி-பேக்காக ஆடிய ஜோனதன் டுவையர் அந்த ஆண்டே, ஜார்ஜியா டெக் ஆடும் ஏ.சி.சி. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். குவார்ட்டர்பேக் ஜோஷ்வா நெஸ்பிட். எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டிமேரியஸ் தாமஸ். அவர் 2009இல் 46 பாஸ்களைப் பிடித்து 1154 யார்டு எடுத்தார், அதாவது ஒரு பாஸுக்கு 25 யார்டு. அடுத்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் டென்வர் அணிக்குப் போனார். ஜான்சன் பெற்றது பொற்குவியல். காலின்ஸ் பெற்றது அந்தப் பொற்குவியல் தீர்ந்து பத்தாண்டான களஞ்சியம். ஆப்ஷனை அடிப்படையாக வைத்து அத்தகைய வீரர்களை மறுபடியும் திரட்ட ஜான்சனாலேயே முடியவில்லை. தனித்தன்மை என்று நீங்கள் சொல்வதே அவரது வீரர் சேர்க்கைக்கு வேலியாக இருந்தது. எந்த உயர்நிலைப் பள்ளி ரிசீவர் அரிதாகவே பாஸ் எறியும் அணிக்கு வருவார்? 2018இல் வர்ஜீனியா டெக்கைத் தோற்கடித்த இரவில் ஜார்ஜியா டெக் எறிந்த பாஸ் மொத்தமே ஒன்று, அதுவும் கைசேரவில்லை.

மாற்றம் உடனே பலன் தரும் என்பதற்கு 2019இன் எல்.எஸ்.யு.வே போதும். தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை. என்.எஃப்.எல். அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி என்ற 29 வயது இளைஞரைப் பாஸ் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டு 16 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தரும் பாஸ்) எறிந்த குவார்ட்டர்பேக் ஜோ பரோ அந்த ஆண்டு 60 எறிந்தார், 15-0, தேசியப் பட்டம்.

பி-பேக் ரசிகன்

எல்.எஸ்.யு.வை இந்த வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. அங்கே லைன்மேன்களும் ரிசீவர்களும் ஏற்கெனவே பாஸ் ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள், திட்டம்தான் புதிது. நேர்மையான ஒப்பீடு வேண்டுமென்றால் நெப்ராஸ்காவை எடுங்கள். 2004இல் பில் கலஹான் ஆப்ஷன் மரபை அறுத்துவிட்டு, பாஸை நம்பும் வெஸ்ட் கோஸ்ட் ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது 5-6. 1961க்குப் பிறகு அந்த அணி கண்ட முதல் தோல்வி சீசன் அது. மிச்சிகன் 2008இல் ரிச் ராட்ரிகஸின் கீழ் எதிர்த்திசையில், பாஸிலிருந்து ஓடும் ஸ்ப்ரெட்டுக்கு மாறியது, 3-9. ஆகவே எதிர்த்திசையில் போனால் எளிது என்ற பீச்ட்ரீவாசியின் கருத்தையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. மிச்சிகனில் ராட்ரிகஸின் ஆட்டத்துக்குப் பொருந்தாத குவார்ட்டர்பேக் ரயன் மாலட் ஆர்கன்சாவுக்கே போய்விட்டார். ஜார்ஜியா டெக்கில் நெஸ்பிட் இருந்தார். அந்த ஒரு இடத்தில் பொருத்தமான ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே முதல் ஆண்டு அமைகிறது.

நீங்கள் சொன்ன அதே வர்ஜீனியா டெக் ஆட்டத்தில் காயமுற்றவருக்குப் பதிலாகக் குவார்ட்டர்பேக்காக நின்று 215 யார்டு ஓடியவர் டோபயஸ் ஆலிவர். அந்த இரவுக்குப் பிறகு அடுத்த மூன்று ஆண்டுகளும் அவரே அணியை நடத்துவார் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். புதிய ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. சில வாரங்கள் குவார்ட்டர்பேக், பிறகு ரிசீவர், அதன் பிறகு தடுப்பு வரிசையில், எதிரணி ரிசீவர்களைக் காக்கும் கார்னர்பேக். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கடைசிவரை அங்கேயே ஆடினார். வெற்றி தோல்விக் கணக்கில் இந்த இழப்பு வராது.

வடம்பிடிப்பவன்

அப்படியானால் காலின்ஸுக்குப் பிறகு வந்தவர் எப்படிச் சமாளித்தார்? அவரும் ஆப்ஷனுக்குத் திரும்பவில்லையே.

பீச்ட்ரீவாசி

பிரென்ட் கீ என்பவரை இந்த விவாதத்தில் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஜார்ஜியா டெக்கிலேயே முன்வரிசையில் ஆடியவர். 2019இல் அலபாமாவிலிருந்து காலின்ஸின் லைன் பயிற்சியாளராக வந்தவர். அதாவது முன்னால் பாய்ந்து பழகியவர்களைப் பின்வாங்கித் தடுக்கக் கற்பித்த வேலை அவருடையது. இந்த மாற்றத்தின் விலையை அருகில் இருந்து பார்த்தவர் அவரைவிட வேறு யாரும் இல்லை. இடைக்காலப் பொறுப்பில் 2022இன் எட்டு ஆட்டங்களில் நான்கை வென்றார். அடுத்த ஆண்டு பஸ்டர் ஃபோக்னரைத் தாக்குதல் ஆட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகவும், டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து ஹெய்ன்ஸ் கிங்கைக் குவார்ட்டர்பேக்காகவும் கொண்டுவந்தார். 2023இல் 7-6. கிங் 27 டச்டவுன் எறிந்ததோடு, 700 யார்டுக்கு மேல் ஓடவும் செய்தார்.

காலின்ஸ் ஆப்ஷனின் சுவடே தெரியக்கூடாது என்று நினைத்தார். அவருடைய பேச்செல்லாம் விளம்பரம், அட்லாண்டாவின் தொலைபேசிக் குறியீடு, வாஃபிள் ஹவுஸ் உணவகம் என்றே இருந்தது. கீ குவார்ட்டர்பேக்கின் ஓட்டத்தை மறுபடியும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். இன்று எல்லா அணிகளும் ஆடும் ஆர்.பி.ஓ. (ஓட்டமா பாஸா என்பதைக் கடைசி நொடியில் தேரும்) ஆட்டத்திலும் எதிரணியின் ஒருவரைத் தடுக்காமல் விட்டுவிட்டு, அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்தே பந்தைக் கொடுக்கிறார்கள் அல்லது எறிகிறார்கள். ஜான்சனின் வீரர்களுக்கு இந்தப் பார்வை ஏற்கெனவே கைவந்த கலை. அதை மூட்டை கட்டி ஓரம் வைக்காமல், அதிலிருந்தே பாஸ் ஆட்டத்தை வளர்த்திருந்தால் 2019 இவ்வளவு மோசமாகியிருக்காது என்பதே என் வாதம்.

நான்காவது டவுன்

அது ஓர் ஊகம். ஆனால் மறுக்க எனக்கும் விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 2024 நவம்பர் 9 அன்று, அதுவரை ஒன்பது ஆட்டங்களும் வென்று நான்காம் தரவரிசையில் இருந்த மயாமி பாபி டாட் மைதானத்துக்கு வந்தது. கிங்குக்குத் தோள்பட்டையில் காயம். சரியாக எறிய முடியாது. கீயும் ஃபோக்னரும் அவரை உட்கார வைக்கவில்லை. ஓட வேண்டிய இடங்களில் கிங், எறிய வேண்டிய இடங்களில் புதிதாக வந்த முதலாண்டு மாணவர் ஏரன் ஃபைலோ என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். கிங் பந்தோடு வந்தால் ஓடத்தான் போகிறார் என்பது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும், மயாமிக்கும் தெரியும். அப்படியும் நிறுத்த முடியவில்லை. 28-23. ஜான்சன் காலத்து ரசிகர்கள் அன்று என் பக்கத்து வரிசையில் எழுந்து நின்று கத்தியதைப் பார்த்தபோது, அவர்கள் ஆப்ஷனுக்காக அழுகிறார்கள் என்று இதுவரை நான் எழுதியவற்றில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. முழுவதையும் அல்ல.